ஓடம் ஏன் மூழ்கியது

பிரதீபா போன கிழமை போன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்தில் என் வேலையை ஏற்றுக்கொண்டவள் அவள்.

"மிஸ், திரும்பவும் பிரேம்வர்க்க மாத்தப் போறோம். இந்தத் தடவ கம்பியூட்டரே பழைய புரோகிராம வாசிச்சு, அதுவே திருத்திக் குடுத்துருமாம். ஒரு பின்னேரத்துல முடிஞ்சிரும்ங்கிறாங்க," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "போன தடவ நடந்தத புதுசா வந்தவங்களுக்குச் சொல்லப் போனேன். பாதியில எனக்கே கொழம்பிருச்சு. கடைசியில எது சரி, எது பிழைன்னு கேக்குறாங்க. நீங்க எழுதித் தந்தா நல்லம்."

எழுதுகிறேன் என்றேன். எது சரி, எது பிழை என்ற பதிலை மட்டும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன். ஓய்வு பெற்று வரும்போது அந்தக் குழப்பத்தையும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். உயர்தரம் முடித்துக் கண்டியில் தட்டச்சுப் படித்தேன். படித்த இடத்திலேயே படிப்பித்தேன். அங்கே தட்டச்சு இயந்திரங்களை எடுத்துவிட்டுக் கம்பியூட்டர் வைத்தார்கள், அதையும் படித்தேன். பிறகு பல வருடங்கள் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் சம்பளத்துக்கும் சரக்குக்கும் புரோகிராம் எழுதினேன். ஐம்பதை நெருங்கும்போது போன் விளையாட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். "வயசான காலத்துல வெளையாட்டா?" என்று அக்கா கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பெரிய காரணம் இருக்கவில்லை. சம்பளப் புரோகிராம் எழுதி அலுத்துப்போயிருந்தேன்.

பேராதனை வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். தலைவர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர். பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து, ஊர் திரும்பாமல் இங்கேயே வீடு கட்டிவிட்டவர். நாங்கள் நேசன் சேர் என்போம். என்னைவிட இளையவர் என்பதால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய போக்கு முதலில் எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரு சிக்கலைக் கொண்டுபோய்ச் சொன்னால் கதிரையை யன்னல் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். நாம் மூன்றைச் சொல்ல வேண்டும்: என்ன செய்தோம், என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது. இந்த ஒழுங்கு மாறினால் கண் திறக்கும். "அக்கா, முதல் என்ன செய்தனீங்கள்?" அவ்வளவுதான், கண் மறுபடி மூடிக்கொள்ளும். மற்றவருடைய கீபோர்டை அவர் தொட்டதை நான் பார்த்ததில்லை. காரணம் தெரியும்வரை பிழை என்ற சொல்லையும் எங்கள் வாயில் வரவிட மாட்டார். "இப்போதைக்கு அது வித்தியாசம். பிழையோ இல்லையோ எண்டு பிறகு பாப்பம்."

சேர்ந்த புதிதில் ஒரு நாள், பாதியில் நின்றுபோகும் ஒரு விளையாட்டை ஓடவைத்துவிட்டுப் பெருமையோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"முந்தி ஏன் நிண்டது?" என்று கேட்டார்.

"இப்ப நிக்கலங்க சேர்."

"இப்ப நிக்கேல்லை எண்டு எனக்கும் தெரியுது. முந்தி ஏன் நிண்டது எண்டு தெரியாட்டி, இப்ப ஏன் ஓடுது எண்டும் உங்களுக்குத் தெரியாது அக்கா."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஓடுகிற ஒன்று ஏன் ஓடுகிறது என்று எதற்குத் தெரிய வேண்டும்? ஆனால் போய்த் தேடினேன். காரணம் கிடைத்தபோது, நான் திருத்தியது அந்த இடமே அல்ல என்று தெரிந்தது.

இனி ஓடத்துக்கு வருகிறேன்.

எங்கள் விளையாட்டுகளில் பலர் விரும்பியது ஒரு ஆற்று விளையாட்டு. வளைந்து வளைந்து போகும் ஆற்றில் ஒரு சின்ன ஓடம். ஓடத்தின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பாறையில் முட்டினாலும் மூழ்கும். விரலை எடுத்தாலும் மூழ்கும். ஒரு ஆற்றைக் கடந்தால் அடுத்த ஆறு, இன்னும் ஒடுக்கமாக. சின்னப் பிள்ளைகளை நினைத்துத்தான் எழுதினோம்.

பிரேம்வர்க் என்றால் என்ன என்று அக்காவுக்குச் சொன்ன மாதிரியே இங்கும் சொல்கிறேன். விளையாட்டு எழுதுகிறவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. திரையில் படம் வரைவது, சத்தம் எழுப்புவது, விரல் எங்கே இருக்கிறது என்று அறிவது, இதெல்லாம் எல்லா விளையாட்டுக்கும் தேவை. அவற்றைச் செய்யும் பகுதிகளை வெளிநாட்டில் சிலர் எழுதி ஒரு கட்டாகத் தருகிறார்கள். அதுதான் பிரேம்வர்க். அதன் மேல் எங்கள் ஆற்றையும் ஓடத்தையும் நாங்கள் வைக்கிறோம். விரல் இருக்கிறதா என்று அதைத்தான் கேட்போம். இருக்கிறது என்றால் நம்புவோம். இல்லை என்றாலும் நம்புவோம்.

நாங்கள் பாவித்தது பழைய பதிப்பு. அதில் எழுதியவற்றைப் புதிய போன்களுக்கு இனிமேல் தர மாட்டோம் என்று விளையாட்டுகளை வாங்கி விநியோகிக்கும் தளம் அறிவித்தது. மாற்றியே ஆக வேண்டும். பிரதீபாவும் நானும் அந்த வேலையில் இறங்கினோம்.

நேசன் சேர் வேலைமுறையைச் சொல்லிவிட்டார். பழையதன் பிரதி ஒன்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அதை யாரும் தொடக் கூடாது. நேரே கடைசிப் பதிப்புக்குப் பாயக் கூடாது. ஒவ்வொரு பதிப்பாக ஏற வேண்டும். ஒவ்வொரு பதிப்போடும் அதைச் செய்தவர்கள் என்ன மாற்றினார்கள் என்று எழுதி வெளியிட்டிருப்பார்கள். அதை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் எங்கள் விளையாட்டில் அது எங்கே தட்டுப்படும் என்று சொல்ல வேண்டும். பிறகுதான் திருத்தம். கடைசியாக, ஒரே மாதிரியான இரண்டு போன்களை மேசையில் வைத்து, இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது என்று ஒன்றாக விளையாடிப் பார்க்க வேண்டும். பழைய போனுக்கு ஒரு இறப்பர் பட்டி போட்டிருந்தோம், கை மாறிப் போகாமல் இருக்க.

முதல் ஏற்றத்திலேயே திரை முழுக்கச் சிவப்பு வரிகள். இந்தப் பெயர் இல்லை, அந்தக் கட்டளை இல்லை என்று. அது குழப்பமில்லை, வெறும் உழைப்பு. ஒவ்வொன்றாகத் திருத்தினால் குறைந்துகொண்டு வரும். சிவப்பு எல்லாம் போன பிறகு வந்ததுதான் குழப்பம்.

ஒரு காலை புதிய போனில் விளையாட்டைத் திறந்தோம். மழை கீழேயிருந்து மேலே பெய்தது. ஆற்றங்கரை மூங்கில்கள் தலைகீழாக நின்றன. பிரதீபா சிரித்துவிட்டாள். காரணம் சின்னது. பழைய பதிப்பு உயரத்தைத் திரையின் அடியிலிருந்து அளந்தது. புதியது உச்சியிலிருந்து அளந்தது. எல்லாவற்றையும் திருப்பினால் போதும் என்று நினைத்துத் திருப்பினோம். மழை சரியானது, தவளைகள் தலைகீழாயின. தவளைகளைத் திருப்பினால் ஓடத்தின் நிழல் ஓடத்துக்கு மேலே போனது. சிலதை இரண்டு தரம் திருப்பியிருந்தோம். எதைத் திருப்பினோம், எது முதலிலிருந்தே நேராக இருந்தது என்று ஒரு கட்டத்தில் இருவருக்கும் தெரியாமல் போய்விட்டது. அந்த நாட்களில் வேலை முடிந்து வாவிக்கரையால் நடந்து பஸ்ஸுக்குப் போகும்போது, தண்ணீரில் தெரிந்த மரங்களைப் பார்த்து, எது மேல்பக்கம் என்று கணக்கிட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

முடிவில் எல்லாம் நிமிர்ந்தன. இரண்டு போன்களும் ஒன்றுபோல ஓடின. நேசன் சேர் தானும் விளையாடிப் பார்த்தார். "வித்தியாசம் தெரியேல்லை," என்றார். அவர் வாயிலிருந்து வருகிற பெரிய பாராட்டு அதுதான். புதிய பதிப்பை வெளியே விட்டோம். விளையாடுகிறவர்கள் நல்லதாகவே எழுதினார்கள். முந்தியதைவிட விரல் சொன்னபடி ஓடம் கேட்கிறது என்று சிலர் எழுதினார்கள். நாங்கள் வடையும் பிளேன்டீயும் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்கினோம்.

சில வாரங்கள் கழித்து, நல்ல மழை நாளில், ஒரு பெண் குடையை மடித்துக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். பெயர் ரிஸ்வானா, கெலிஓயாவிலிருந்து வருகிறேன் என்றாள். விளையாட்டுக்குள் எங்கள் விலாசம் இருக்கிறது; அதைப் பார்த்து வந்திருக்கிறாள். கதிரையில் உட்காரச் சொன்னேன். நுனியில் உட்கார்ந்தாள்.

"மிஸ், இந்த ஓடம் வெளயாட்ட நீங்களா செஞ்ச?"

"ஆமாங்க, நாங்கதான்."

"இதுல நீங்க ஏதாச்சும் மாத்தினீங்களா? வாப்பாவால இப்ப வெளயாட ஏலாம ஈக்கி."

நான் அதைச் சாதாரண முறைப்பாடு என்று நினைத்தேன். போனை வாங்கிப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். அவள் போனைத் தராமல் பேசிக்கொண்டே போனாள்.

அவளுடைய தகப்பன் ஜவாஹிர் ஹாஜியார் கெலிஓயாவில் புடவைக் கடை வைத்திருப்பவர். இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், விரலை வைத்து இழுக்கிற விளையாட்டு ஏதாவது போனில் விளையாடட்டும் என்று சொல்லியிருக்கிறாள். ரிஸ்வானா தேடி எடுத்தது எங்கள் ஓடம். தொடக்கத்தில் முதல் ஆற்றிலேயே மூழ்கினார். விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தால் ரிஸ்வானாவின் உம்மா தேநீரோடு வரும்வரை விளையாடுவார். மெதுவாக இரண்டாவது ஆறு, மூன்றாவது ஆறு என்று போய், பத்தாவது ஆற்றையும் கடந்துவிட்டார். கை திரும்பி வந்துவிட்டது என்று கடைக்கும் போகத் தொடங்கினார்.

"இப்ப முதலாவது ஆறே கடக்க ஏலா மிஸ். வெச்ச ஒடனே மூழ்குது. திரும்பவும் வருத்தம் வந்துட்டுன்னு சொல்றாரு. டொக்டர்ட்ட காட்டினோம். தலைய ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு, புதுசா ஒண்டும் இல்லன்னாரு. வாப்பா நம்புறாரு இல்ல. டொக்டர் படத்தப் பாத்துச் சொல்றாரு, நான் கையப் பாத்துச் சொல்றேன்ங்கிறாரு." அவள் குரல் தாழ்ந்தது. "கடைய சாச்சாட பேருக்கு எழுதப் போறாராம். லோயர்ட்டயும் பேசிட்டாரு. சாச்சா நல்லவரு. ஆனா கட இல்லாட்டி வாப்பா எழும்பவே மாட்டாரு மிஸ்."

பிறகுதான் போனைத் தந்தாள். நான் விளையாடினேன், முதல் ஆற்றைக் கடந்தேன். பிரதீபா கடந்தாள். ரிஸ்வானாவை விளையாடச் சொன்னோம், அவளும் கடந்தாள். மேசை மேலிருந்த எங்கள் இரண்டு போன்களிலும் பார்த்தோம். எதிலும் ஒன்றும் இல்லை.

பிரதீபா என் காதருகில், "மிஸ், நம்ம பக்கம் பிழையில்ல. அவருக்கு நெசமாவே ஏதோ..." என்றாள். முடிக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நேசன் சேர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். "முந்தி கடந்தவர், இப்ப கடக்கேல்லை. ரெண்டு விஷயம் மாறியிருக்கலாம். ஒண்டு அவரின்ரை கை. மற்றது எங்கட ஓடம். கையை டொக்டர் பாத்திட்டார். ஓடத்தை ஆர் பாத்தது?"

"நாங்க பாத்தோம் சேர். ஒரே மாதிரிதான் ஓடுது."

"எங்கட விரலுக்கு ஒரே மாதிரி ஓடுது," என்றார்.

அடுத்த நாள் இரண்டு போன்களையும் பையில் போட்டுக்கொண்டு கம்பளை பஸ்ஸில் ஏறிக் கெலிஓயாவுக்குப் போனேன். வீடு கடைக்குப் பின்னால் இருந்தது. ஹாஜியார் வெள்ளைச் சாரமும் சேட்டும் உடுத்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். கம்பெனியிலிருந்து ஆள் வருகிறது என்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"மகள் ஒங்கள வீணா அலய விட்டீக்கா, தங்கச்சி. வெளயாட்டுல ஒண்டும் இல்ல. என்ட கையிலதான்."

"இருக்கலாங்க ஹாஜியார். எதுக்கும் ஒருக்கா வெளையாடிக் காட்டுங்களேன். நான் பாத்துட்டுப் போறேன்."

புதிய போனைக் கொடுத்தேன். விரலை வைத்தார். ஓடம் ஒரு முழம்கூடப் போகவில்லை, மூழ்கியது. மறுபடி வைத்தார், மூழ்கியது. மூன்றாவது முறை விரலை அழுத்தி வைத்தார், நகம் வெளுத்தது. இழுக்கத் தொடங்கியதும் மூழ்கியது. அவர் போனை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இப்போது நம்புகிறாயா என்று கேட்கிற பார்வை.

இறப்பர் பட்டி போட்ட பழைய போனைக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். ரிஸ்வானா, "வாப்பா, ஒரே ஒரு தரம்," என்றாள். வாங்கினார். விரலை வைத்தார். ஓடம் போனது. முதல் வளைவு, பாறை, இரண்டாவது வளைவு. முதல் ஆறு முடிந்து இரண்டாவது ஆறு வந்தது. கதவு நிலையில் நின்ற அவருடைய மனைவி முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூன்றாவது ஆற்றின் நடுவில் ஹாஜியார் தானே விரலை எடுத்தார்.

"இது என்ன?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னேன். "எனக்கு வெளங்கலங்க ஹாஜியார். ஆனா உங்க கை இல்ல. ஓடம்தான் மாறியிருக்கு. ஏன்னு கண்டுபிடிச்சிட்டு வர்றேன். அதுவரைக்கும் கடைய யாரு பேருக்கும் எழுதாதீங்க."

கடைசி வசனத்தைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் யோசித்தேன்.

அலுவலகத்தில் இரண்டு பதிப்புகளிலும் ஒரு சின்ன வேலை செய்தோம். விரல் இருக்கிறது என்று பிரேம்வர்க் சொல்கிற இடமெல்லாம் திரையில் வெள்ளைப் புள்ளி விழும்படி எழுதினோம். விரல் இல்லை என்று சொன்னால் புள்ளி விழாது. நான் விளையாடியபோது இரண்டிலும் வெள்ளைக் கோடு அறாமல் வந்தது. அந்தப் போன்களோடு மறுபடி கெலிஓயாவுக்குப் போய், ஹாஜியாரை இரண்டிலும் விளையாடச் சொன்னேன். பழைய போனில் அவருடைய கோடு என்னுடையதைப் போலவே முழுதாக வந்தது. புதிய போனில் துண்டு துண்டாக வந்தது, அவசரத் தையல் போட்ட நூல் மாதிரி.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. இழுக்கும்போது அவருடைய விரல் நடுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நேரம் திரையை விட்டு எழும்பி மறுபடி படுகிறது. பழைய பிரேம்வர்க் ஒரு கணம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் விரல் போய்விட்டது என்று சொல்லும். அதற்குள் விரல் திரும்பி வந்துவிட்டால் போகவே இல்லை என்று வைத்துக்கொள்ளும். புதியது பொறுப்பதில்லை; எழும்பியதும் சொல்லிவிடும். எங்கள் ஓடம் உடனே மூழ்கிவிடும். எங்கள் யாருக்கும் விரல் நடுங்காததால் எத்தனை முறை விளையாடினாலும் எங்களுக்கு அது தெரிந்திருக்காது. பதிப்பு மாற்றங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். தொடுகை இனித் துல்லியமாகப் பதிவாகும் என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதை வாசித்தபோது நல்ல செய்தி என்று தாண்டிப் போயிருந்தோம்.

இங்கேதான் நான் முழுதாகக் குழம்பினேன்.

பிரதீபா சொன்னாள்: "அப்ப பழசுதான் மிஸ் பிழை. விரல் இல்லாதப்ப இருக்குன்னு சொல்லியிருக்கு. புதுசு உள்ளதச் சொல்லுது."

அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் பிழையான ஒன்று அந்த மனிதரை எழுப்பிக் கடைக்கு அனுப்பியிருக்கிறது. சரியான ஒன்று திரும்பப் படுக்கவைத்திருக்கிறது. பழைய பொறுமையை நாங்களே எழுதித் திருப்பி வைப்பது பெரிய வேலையில்லை. வைத்தால் மற்றவர்களுக்கு ஓடம் கொஞ்சம் மந்தமாகும். அதைவிடப் பெரிய கேள்வி, ஹாஜியாரிடம் என்ன சொல்வது என்பது. உங்கள் கைக்கு ஒன்றுமில்லை, எங்கள் பிழை, திருத்திவிட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தால் அவர் சந்தோஷப்படுவார். அது உண்மையா? அவர் கை நடுங்குகிறதே. முந்தியும் நடுங்கியதே.

நேசன் சேரிடம் போய் வழக்கமான ஒழுங்கில் சொல்லத் தொடங்கினேன். என்ன செய்தோம் என்று சொன்னேன். என்ன நடக்கும் என்று நினைத்தோம் என்பதற்கு வந்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அவர் கண்ணைத் திறந்தார். நான் ஒழுங்கு தவறாமலே அவர் கண்ணைத் திறந்தது அந்த ஒரு முறைதான்.

"நானும் வாறன் அக்கா. ரெண்டு பேருமாப் போவம்," என்றார்.

மூன்றாவது முறை போனபோது ரிஸ்வானாவின் சாச்சாவான ஹாஜியாரின் தம்பியும் அங்கே இருந்தார். நேசன் சேர் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு போன்களின் கோடுகளையும் ஹாஜியார் முன்னால் வைத்து, நான் மேலே எழுதியதை அப்படியே சொன்னார். ஹாஜியார் துண்டு துண்டான கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மேல் விரலை வைத்து ஒவ்வொரு இடைவெளியாகத் தடவினார்.

"அப்ப நான் பத்து ஆறு கடந்தது பொய்," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

ரிஸ்வானா என்னைப் பார்த்தாள். நான் நேசன் சேரைப் பார்த்தேன். அவர் தன் வீட்டில் இருப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஹாஜியார், முதல் நாள் விளையாடேக்க நீங்கள் எத்தினையாவது ஆத்தில மூழ்கினனீங்கள்?"

"முதலாவதுலதான்."

"அண்டைக்கும் அதே பழைய ஓடம்தான். அண்டைக்கும் அது இதே அளவு பொறுத்துக்கொண்டுதான் இருந்தது. அப்பிடியிருந்தும் மூழ்கினது. பிறகு பத்தாவது ஆறு வரைக்கும் வந்ததில ஓடம் ஒண்டும் கூடச் செய்யேல்லை. அது கடைசி வரைக்கும் அதே அளவுதான் பொறுத்தது." கண்ணைத் திறந்தார். "மிச்சம் உங்கட கை."

ஹாஜியாரின் தம்பி அண்ணனைக் கூப்பிட்டு, "நானா, நான் அப்பவே சொன்னேன் தானே, கடைக்கு அவசரம் இல்லன்னு," என்றார். உம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஹாஜியார் வலது கையால் கோப்பையை எடுத்தார். கோப்பை தட்டில் மெல்லக் கிணுகிணுத்தது. எல்லோரும் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தோம். அவர் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

"இந்தக் கோடு வாறத எடுத்துடாதீங்க, தங்கச்சி," என்றார் என்னிடம். "எனக்குப் பாக்கணும்."

ஏன் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் மனம் ஆறிவிட்டதா, நொந்துவிட்டதா என்று எனக்குப் பிடிபடவும் இல்லை. திரும்பும் பஸ்ஸில் நேசன் சேரிடம் கேட்டேன். "எனக்கும் தெரியேல்லை அக்கா," என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குச் சமாதானமாக இருந்தது.

விளையாட்டில் ஒரு தெரிவு வைத்தோம். அதைப் போட்டுக்கொண்டால் ஓடம் பழையபடி பொறுக்கும். போடாவிட்டால் புதியபடி கறாராக இருக்கும். அந்தத் தெரிவுக்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டு நாள் தடுமாறினோம். நடுக்கம் என்ற சொல்லைப் போட யாருக்கும் மனம் வரவில்லை. 'பொறுமையான ஓடம்' என்று பிரதீபா வைத்தாள். கோடு தெரியும் வசதியையும் விட்டுவைத்தோம். இதைப் போட்டுக்கொண்டு விளையாடுகிறோம் என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள். நடுங்கும் விரல்களோடு இத்தனை பேர் எங்கள் ஆற்றில் இருந்திருக்கிறார்கள். மாற்றியபோது சொல்லாமலே போயிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் என்னவோபோல் இருக்கிறது. ரிஸ்வானா மட்டும்தான் படியேறி வந்தவள்.

ஹாஜியார் கடையை எழுதிக் கொடுக்கவில்லை என்று அவள் சொல்லித் தெரிந்தது. அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

ஓய்வு பெற்ற சில மாதங்களில் என் அக்கா மகளுக்குக் கலியாணம் வந்தது. சட்டைத் துணி எடுக்க அம்பிட்டியவில் என் வீட்டிலிருந்து கண்டிக்கு இறங்கியவள், அங்கே கடைகள் நிறைய இருந்தும் கெலிஓயா பஸ்ஸில் ஏறினேன். ஹாஜியார் கடையில் இருந்தார். என்னை அடையாளம் கண்டு, உட்காரக் கதிரை போடச் சொன்னார்.

பேச்சோடு பேச்சாக, "இப்ப எந்த ஓடத்துலங்க வெளையாடுறீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டுலயும்தான். தெம்பா எழும்புற நாளைக்குப் புதுசு. ஏலாத நாளைக்குப் பொறுமையானது."

"புதுசுல எத்தனாவது ஆறு?"

"ரெண்டு," என்றார். மேசை மேல் கிடந்த துணியை நீவிவிட்டு, "சில நாளைக்கு ஒண்டு," என்றார்.

அது முன்னேற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை. பச்சைப் பட்டுத் துணி ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். அவர் தானே விரித்து, மீற்றர் கோலை வைத்து அளந்தார். கடையில் வேலை செய்கிறவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். ஹாஜியார் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். மற்றவர் விலகி, அலுமாரியில் துணிகளை அடுக்கத் தொடங்கினார்.

வெட்டி முடிக்க நேரம் எடுத்தது. நடுவில் ஒரு முறை நிறுத்தி, கையை மேசையில் வைத்து ஆறவிட்டுத் தொடர்ந்தார். துணி பிரிந்தபோது வெட்டு நேராக இல்லை. அலை அலையாகப் போயிருந்தது. நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"தைக்கக்குள்ள ஓரத்த மடிப்பாங்க தானே, தங்கச்சி?"

"மடிப்பாங்க ஹாஜியார்," என்றேன்.

அவர் துணியைச் சுற்றிப் பையில் போட்டுத் தந்தார். அன்று பின்னேரமே அம்பிட்டியவில் தையல்காரியிடம் கொடுத்தேன். அவள் துணியை மேசையில் விரித்தாள். அந்த ஓரத்தில் அவள் கை ஒரு கணம் நின்றது. உள்பக்கமாக மடித்து, குண்டூசி குத்திக்கொண்டு போனாள்.